பூசைக்கு முன் சுரண்டிய சுவர்

கில்டாரா, மேயோ
நவம்பர், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஃபெர்கஸ்,

நான் நலமாக இருக்கிறேன். நிற்கிறேன், நடக்கிறேன், கண் தெரிகிறது, நேற்றுகூடச் சமையலறை ஏணியில் இரண்டு படி ஏறி இறங்கினேன். உன் நலம் கேட்பதற்கு முன்பே என் நலத்தை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம், நீ அதை என்னைத் தவிர மற்ற எல்லாரிடமும் விசாரித்துவிட்டாய். நீயும் கிர்ஸ்டனும் பிள்ளைகளும் பெர்த்தின் வெயிலில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தினமும் ஜெபமாலையில் பத்து மணிகள் உங்களுக்கென்று உண்டு, உன்மேல் கோபமாக இருக்கும் நாட்களிலும் உண்டு, போன மாதம் முழுவதும் அப்படித்தான் போயிற்று. இதைப் போனில் சொல்லாமல் எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. போனில் நீ குறுக்கே பேசுகிறாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, கடைசிவரை படித்தாக வேண்டும்.

அக்டோபரில் வீட்டுப் பூசை நம் முறை என்று உனக்குத் தெரியும். வசந்தத்தில் ஒன்று, இலையுதிர் காலத்தில் ஒன்று என்று கில்டாராவின் பன்னிரண்டு வீடுகளையும் சுற்றி நம் சமையலறைக்குத் திரும்பி வர அதற்கு ஆறு வருடம் ஆகிறது. உன் அப்பா போன பிறகு எனக்கு வந்த முதல் முறை இதுதான். செப்டம்பர் கடைசியில் ஃபாதர் டை வந்தார். நல்ல பிள்ளை, உன்னைவிடச் சின்னவர், தேநீரில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக்கொள்வார். இரண்டாவது கோப்பை வரை வானிலையைப் பற்றியே பேசினார், அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது. பிறகு, "மிஸஸ் ஹெனெகன், நீங்க தப்பா எடுத்துக்கக்கூடாது. ஃபெர்கஸ் பெர்த்ல இருந்து போன் பண்ணினார். அம்மாவுக்கு இந்தத் தடவை சிரமம் வேண்டாம், பூசையைப் பங்கு ஹால்ல வச்சுக்கலாமான்னு கேட்டார். டீயும் அங்கயே ஏற்பாடு பண்ணிடலாம்" என்றார். நான் கோப்பையை வைத்துவிட்டு, "ஹால்ல ஆசீர்வாதம் பண்றதுக்கு என்ன வீடு இருக்கு ஃபாதர்?" என்று கேட்டேன். அவர் இன்னொரு துண்டு கேக் எடுத்துக்கொண்டார்.

நீ ஏன் கேட்டாய் என்று எனக்குத் தெரியும் ஃபெர்கஸ். காசில்பார் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கட்டியிருக்கும் புதுக் குடியிருப்பில் தரைத்தளத்தில் ஓர் அறை, குளியலறையில் சிவப்புக் கயிறு தொங்கும், இழுத்தால் ஆள் வரும். அதன் படத்தை எனக்குக் காட்டியது டெக்லன், என் தங்கை மகனுக்குப் பொய் சொல்ல வராது. வீட்டை ஒரு தடவை பார்த்து விலை சொல்ல ஆள் கூட்டிவரும்படி நீ அவனிடம் சொல்லியிருக்கிறாய் என்பதும் அவன் வாயிலிருந்துதான் வந்தது. இங்கே எது எதற்கு முன்னால் வரும் என்று நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. நோரா ஷெரிடன் கால்வலி என்று தன் பூசை முறையை விட்டுக்கொடுத்தாள், அடுத்த வசந்தத்தில் அவள் வாசலில் விற்பனைப் பலகை நின்றது. பூசை நடத்த முடியாதவள் வீட்டை நடத்த முடியாதவள் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். சொல்லவே தேவையில்லை. ஆகவே மறுநாள் காலையில் பங்கு அலுவலகத்துக்குப் போன் செய்து, கில்டாரா பூசை வழக்கம்போல ஹெனெகன் வீட்டில், வெள்ளிக்கிழமை மாலை, அறிவிப்பில் அப்படியே போடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

பூசை என்றால் பெயின்ட். அதை நான் உனக்கு விளக்க வேண்டியதில்லை, உன் சின்ன வயதில் பூசைக்கு முதல்நாள் உன் அப்பா கையில் பிரஷைக் கொடுக்கும்போதெல்லாம் நீ பக்கத்து வயலுக்கு ஓடிவிடுவாய். சமையலறைச் சுவர் எல்லாம் மங்கித்தான் கிடந்தது. போனில் உன்னிடம் சொன்னபோது நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? சுவரும் அலமாரியும் சேரும் இடத்திலும், மேடையும் சுவரும் சேரும் இடத்திலும் உன் அப்பா இடுக்கில் அடைத்த பழைய சிலிக்கான் பசை கறுத்து, ஓரம் பிய்ந்து நிற்கிறது, அதைக் கழற்றிவிட்டுத்தான் அடிக்க வேண்டும் என்றேன். நீ, "அம்மா, மேலயே அடிச்சிடு. யார் வந்து குனிஞ்சு பார்க்கப் போறாங்க?" என்றாய். குனிந்து பார்ப்பதற்காகத்தான் கில்டாராவே வருகிறது. பிரைடி லாவெல் நம் வீட்டுப் பூசைக்கு வந்தால் முதலில் கும்பிடுவது திரு இருதயப் படத்தை அல்ல, சுவரடியில் ஓடும் பலகையின் மேல்விளிம்பை, விரலால் தொட்டு.

நான் தலைமுடி அலங்காரத்துக்குப் பாலின்ரோப் ஊருக்குப் போயிருந்த சனிக்கிழமை டெக்லன் வந்திருக்கிறான். உன் உத்தரவுதான். திரும்பி வந்து கதவைத் திறந்தால் பெயின்ட் வாசனை, அவன் சமையலறை நடுவில் பிரஷோடு நிற்கிறான், நாற்பது வயது ஆண்பிள்ளை, பலகாரம் திருடி மாட்டிக்கொண்டவனைப் போல. சுவரை அடித்திருக்கிறான், நன்றாகத்தான் அடித்திருக்கிறான், ஆனால் சிலிக்கான் மேலும் சேர்த்து அடித்திருக்கிறான். எண்ணெய்த் தட்டில் தண்ணீர் ஊற்றியதுபோல அந்தக் கோடு முழுவதும் பெயின்ட் திட்டுத்திட்டாக ஒதுங்கி நின்றது, நடுநடுவே பழைய கறுப்பு எட்டிப் பார்த்தது. "பெரியம்மா, காஞ்சா சேர்ந்துக்கும்" என்றான். காயட்டும் என்று விட்டேன். ஞாயிறு பூசை முடிந்து வந்து நகத்தால் ஓர் ஓரத்தைத் தூக்கினேன். ஆறிய பாலின் ஆடைபோல அது முழு நீளத்துக்கும் உரிந்து என் கையோடு வந்துவிட்டது. சிலிக்கான் மேல் எந்தப் பெயின்டும் நிற்காது ஃபெர்கஸ், எத்தனை கை அடித்தாலும் நிற்காது. அது சிலிக்கான் குழாயின் முதுகிலேயே எழுதியிருக்கிறது. உன் அப்பா அதைப் படித்ததில்லை, டெக்லன் படித்ததில்லை, பெர்த்தில் இருந்துகொண்டு யோசனை சொன்ன நீயும் படித்ததில்லை. நான் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன்.

டெக்லனைத் திட்டவில்லை. அவனுக்கு ரொட்டியும் பன்றித்தொடையும் போட்டு, சாப்பிட்ட பிறகு கையில் கத்தியைக் கொடுத்தேன். "என்ன பெரியம்மா செய்யணும்?" என்றான். "அடிச்சதை எல்லாம் உரிக்கணும், அடிக்காததையும் உரிக்கணும்" என்றேன். மேலே ஒரு கீறல், கீழே ஒரு கீறல், கத்தியைச் சுவரோடு படுக்கவைத்துக் கீற வேண்டும், அப்போதுதான் பட்டையாக உருவ வரும். அவன் அலமாரிப் பக்கம் பார்த்தான், மேடைப் பக்கத்தை நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். உருவி வந்த பட்டை என் கட்டைவிரல் தடிமன் இருந்தது. கத்தியால் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். வெள்ளை, அதன்மேல் வெண்ணெய் நிறம், மறுபடி வெள்ளை, அதன்மேல் அந்தக் கண்றாவியான பச்சை, மறுபடி வெள்ளை, பிறகு மஞ்சள். உன் அப்பா ஒவ்வொரு பூசைக்கும் முதல்நாள் பெயின்டைச் சிலிக்கான் மேல் இழுத்துவிடுவார், அது உரிய ஆரம்பித்ததும் அதன்மேலேயே புதிதாக ஒரு கோடு சிலிக்கான் வைப்பார். ஃபாதர் சாப்பிட்டு எழுந்திருக்கும்வரை தாங்கினால் போதும் என்பது அவர் கணக்கு. அவரைப்போல ஒரு மனிதர் இந்த மாவட்டத்தில் கிடையாது, வாழ்நாளில் என்னிடம் குரல் உயர்த்தியதில்லை, ஆனால் எதையும் கழற்றமாட்டார், மேலே பூசுவார். நீ அவர் பிள்ளை என்பது அன்றைக்கு எனக்கு நன்றாகத் தெரிந்தது. அந்த யோசனை உனக்கு எங்கிருந்து வந்தது என்று அந்தப் பட்டையைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

உரித்தபின் சுவரில் ஒரு வழவழப்பு மிச்சம் நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. சிலிக்கானைக் கரைக்கும் களிம்பைத் தடவி ஊறவிட்டு, பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி, பிறகு ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைத்து, துணியின் பக்கத்தை மாற்றி மறுபடி துடைக்க வேண்டும். டெக்லன் ஒருமுறை துடைத்துவிட்டு, "போதும் பெரியம்மா, பளபளன்னு இருக்கு" என்றான். பளபளவென்று இருந்தால் இன்னும் போகவில்லை என்று அர்த்தம். கான்வென்டில் மதர் பெனிக்னஸ் எங்கள் பூத்தையலின் முன்பக்கத்தைப் பார்க்கவேமாட்டார், துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்துத்தான் மதிப்பெண் போடுவார். இதை டெக்லனிடம் சொன்னேன். "அந்தம்மா இன்னும் இருக்காங்களா?" என்று பயத்தோடு கேட்டான். இல்லையென்றதும் அவனுக்கு நிம்மதி.

திங்கட்கிழமைதான் சிங்க்குப் பக்கம் வந்தேன். நீ தேடிக்கொண்டிருந்த காரணம் அங்கேதான் இருந்தது, ஆகவே இதைக் கவனமாகப் படி. ஜன்னலுக்குக் கீழே, குழாய்க்குப் பின்னால், பட்டையை உருவியபோது அது தனியாக வரவில்லை, சுவர்ப்பூச்சையும் சேர்த்துக்கொண்டு வந்தது. கத்தி வெண்ணெயில் இறங்குவதுபோல உள்ளே இறங்கியது. ஒரு முழம் நீளத்துக்குச் சுவர் ஊறிக் கறுத்துக் கிடந்தது, மேடையின் பின்விளிம்பு ஊதியிருந்தது, பூஞ்சை நாற்றம் முகத்தில் அடித்தது. நான் கத்தியைக் கீழே வைத்தேன். முதலில் நினைத்தது சுவரை அல்ல, உன்னைத்தான். இது தெரிந்தால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும், பார்த்தாயா அம்மா, வீடே அழுகுகிறது, இதில் எப்படித் தனியாக இருப்பாய் என்பாய். விலை பார்க்க வரும் ஆளும் முதலில் அந்த இடத்தில்தான் விரலை வைப்பான்.

பிரைடி முட்டை கொண்டுவந்தவள் கதவருகே நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். அவள் பார்க்காத எதுவும் கில்டாராவில் நடந்ததில்லை. முட்டையை மேசைமேல் வைத்து, "மேல ஒரு கோடு இழுத்து மூடிடு ஃபிடெல்மா. புதுசா வெள்ளையா வச்சா ஒருத்தருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை தாண்டட்டும், அப்புறம் அது உனக்கும் கடவுளுக்கும் நடுவுல உள்ள விஷயம்" என்றாள். "வெள்ளிக்கிழமை யாரு வரப்போறாரு, கடவுள்தானே?" என்றேன். "ஃபாதர் டை வர்றாரு. அதைவிட முக்கியம் மொய்ரா கோகன் வர்றா" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்க வீட்டுப் பூசைக்கு என் புருஷன் டாம் காலைலதான் கதவுக்குப் பெயின்ட் அடிச்சான். ஃபாதர் சாஞ்சாரு, அங்கி ஒட்டிக்கிச்சு. நான் ஏதாவது சொன்னேனா? கத்தரிச்சு எடுத்தோம், ஜெபிச்சோம், சாப்பிட்டோம்" என்றாள். சிரித்துவிட்டேன். ஆனால் அவள் சொன்னதில் அரைமணி நேரம் என் மனம் நின்றது என்பதையும் எழுதிவிடுகிறேன். புதுச் சிலிக்கான் குழாய் அலமாரியில் தயாராக இருந்தது. கோடு இழுக்கக் கால்மணி நேரம் ஆகாது. சுவர் வெள்ளையாக இருக்கும், வெள்ளிக்கிழமை யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள், உனக்கும் எதுவும் தெரியவந்திருக்காது.

ஈரச் சுவரில் சிலிக்கான் பிடிக்காது. பிடித்தாலும் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டிவிடும், சுவர் உள்ளுக்குள்ளேயே அழுகும், அடுத்து வருகிறவன்தான் கண்டுபிடிப்பான். அப்படி ஒன்றை என் கையால் செய்து, அதன் முன்னால் நின்று நற்கருணை வாங்க எனக்கு மனம் வரவில்லை. "திறந்தே கிடக்கட்டும் பிரைடி" என்றேன். அவள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, "எல்லார் முன்னாடியுமா?" என்றாள். "எல்லார் முன்னாடியும்தான்."

டெக்லனை வரச்சொல்லி சிங்க்குக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்க்கவைத்தேன். குழாயின் அடியில் இருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்து பிளந்திருந்தது. ஒவ்வொரு தடவை குழாயைத் திறக்கும்போதும் ஒரு சொட்டு பின்பக்கம் இறங்கி, உரிந்து நின்ற சிலிக்கானுக்குள் புகுந்து, வெளியே வர வழியில்லாமல் அங்கேயே தங்கியிருக்கிறது. அவ்வளவுதான் ஃபெர்கஸ். வீடு அழுகவில்லை. கூரை ஒழுகவில்லை, அஸ்திவாரம் இறங்கவில்லை, ஓதம் ஏறவில்லை. விரல் மோதிரம் அளவு ஒரு ரப்பர் வளையம். டெக்லன் ஒன்று வாங்கிவந்து மாட்டினான், சொட்டு நின்றது. ஊறிய பூச்சை நல்ல கல் தெரியும்வரை கொத்தி எடுத்துவிட்டு, சின்ன வெப்ப விசிறியை அதைப் பார்த்து வைத்தேன். மற்றச் சுவர்கள் எல்லாவற்றையும் உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடித்து, இரண்டு கை பெயின்ட் அடித்தோம், சீராக, விளிம்பு நேராக. ஜன்னலுக்குக் கீழே மட்டும் ஒரு முழம் பள்ளம், கல்லும் கறுப்புமாக, புதுப் பல்வரிசையில் ஒரு பல் போனதுபோல.

வெள்ளிக்கிழமை மாலை ஒருவர் பாக்கியில்லாமல் வந்தார்கள். சமையலறை மேசையை உயரத்துக்காகக் கட்டைகள்மேல் தூக்கி வைத்து, என் கல்யாணத் துணியை விரித்து, சிங்க்கின் முன்னால் பீடமாகப் போட்டிருந்தோம். வேறு இடத்தில் போட்டால் பின்வரிசைக்கு நிற்க இடம் இருக்காது, எப்போதும் அங்கேதான் போட்டிருக்கிறோம். வேறு இடத்தில் போட்டிருக்கலாமே என்று நீ நினைப்பாய். நினைத்துக்கொள். உள்ளே வந்தவர்கள் ஒவ்வொருவரும் என்னைப் பார்த்தார்கள், பூக்களைப் பார்த்தார்கள், பிறகு பள்ளத்தைப் பார்த்தார்கள், பிறகு வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தார்கள். டாம் லாவெலுக்கு மட்டும் அந்த நாசூக்கு கிடையாது. தொப்பியைக் கழற்றிக்கொண்டே, "பூனைக்கு வழி விட்டிருக்கியா ஃபிடெல்மா?" என்றார் எல்லாருக்கும் கேட்க. எனக்குக் காது வரை சூடு ஏறியது. இந்தச் சமையலறையில் இத்தனை வருடத்தில் என்னை ஒருவர் கேலி செய்ததில்லை, கேலி செய்ய நான் எதையும் வெளியே வைத்ததில்லை. "பூனைக்கில்ல டாம். உங்க வீட்டு சிங்க்குக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு நீ என்னைக்காவது பார்த்திருக்கியா? நான் எங்க வீட்டுல பார்த்துட்டேன். அதான் வித்தியாசம்" என்றேன். டாம் சுவரோரமாக நகர்ந்துவிட்டார். பிரைடி அவர் காலை மிதித்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். பின்வரிசையில் மொய்ரா கோகன், பெரிய வீட்டு மொய்ரா, பக்கத்தில் இருந்தவளிடம், "எங்க வீட்டுலயும் ஒரு நாத்தம் வருது, அதுதானோ என்னமோ" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

பூசை நன்றாக நடந்தது. ஃபாதர் முழங்காலிடும்போதெல்லாம் அந்தப் பள்ளம் அவர் தலைக்குமேல் தெரியும், எழுந்தால் மறையும், நான் அதைப் பார்க்காமல் ஜெபிக்கக் கொஞ்சம் பாடுபட்டேன். இறந்தவர்களை நினைக்கும் இடத்தில் உன் அப்பாவின் பெயரைச் சொன்னார், மாலக்கி ஹெனெகன் என்று, அப்போது நான் நேராக அந்தப் பள்ளத்தைப் பார்த்தேன், வெட்கப்படவில்லை. முடிந்ததும் வழக்கம்போல வீட்டை ஆசீர்வதிக்கத் தீர்த்தத்தை எடுத்தார். வாசலுக்குத் தெளித்தார், படிக்கட்டுக்குத் தெளித்தார், அடுப்புக்குத் தெளித்தார், கை தாராளமான பிள்ளை, பிறகு சிங்க் பக்கம் திரும்பிக் கையை நன்றாக ஓங்கினார். என் வாய் என்னைக் கேட்கவில்லை. "அங்க மட்டும் வேண்டாம் ஃபாதர். நாலு நாளா காய வச்சிட்டிருக்கேன்" என்றேன்.

தீர்த்தம் வேண்டாம் என்று ஒரு குருவிடம் சொன்னவளை கில்டாரா அதுவரை கண்டதில்லை. ஃபாதர் டை ஓங்கிய கையோடு பள்ளத்தைப் பார்த்தார், விசிறியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வெறுங்கையால் அந்தச் சுவர்மேல் சிலுவை வரைந்து, "இதுக்கு ஆசீர்வாதம் உலர்ந்தபடியே போகட்டும்" என்றார். முதலில் சிரித்தது டாம். பிறகு எல்லாரும் சிரித்தார்கள், மேசையைத் தட்டிச் சிரித்தார்கள், அந்தச் சிரிப்பில் என்னைக் கேலி செய்கிறவர் ஒருவரும் இல்லை, எனக்கு அந்த வித்தியாசம் தெரியும். அதற்குப் பிறகு சாப்பிட்டது போதாது என்று சொல்ல யாருக்கும் வாய்ப்பிருக்கவில்லை. ஆப்பிள் பலகாரம் ஒரு துண்டு மிஞ்சவில்லை, ஆண்கள் விஸ்கியோடு பள்ளத்தின் முன்னால் கூடிநின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள், டெக்லன் அவர்களுக்குக் களிம்பைப் பற்றியும் ஸ்பிரிட்டைப் பற்றியும் ஏதோ தானே கண்டுபிடித்தவனைப்போல விளக்கிக்கொண்டிருந்தான்.

கடைசியில் ஃபாதர், வசந்தத்துப் பூசை லாவெல் வீட்டில், சரிதானே என்று கேட்டார். சரி என்றாள் பிரைடி. நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன். "ஃபாதர், அடுத்த சுத்துல எங்க வீட்டு முறையையும் இப்பவே எழுதிக்குங்க. ஹெனெகன், இதே சமையலறை" என்றேன். பிரைடி என் முழங்கையைப் பிடித்து, "உனக்கு எண்பத்தஞ்சு ஆயிருக்கும்டி" என்று கிசுகிசுத்தாள். "உனக்கு எண்பத்தி மூணு. நாற்காலி தூக்க நீ வரணும்" என்றேன். ஃபாதர் எழுதிக்கொண்டார். எல்லார் முன்னாலும் எழுதிக்கொண்டார். ஆகவே டெக்லன் இனி விலை பார்க்கும் ஆளைக் கூட்டிவரமாட்டான், நீ கேட்டாலும் மாட்டான், அதை அன்று தட்டுகளைக் கழுவும்போதே அவன் வாயால் சொல்லவைத்தேன். சிவப்புக் கயிறு உள்ள அறை யாருக்குத் தேவையோ அவருக்குப் போகட்டும். எனக்குத் தேவைப்படும் நாள் வந்தால் உனக்கு முதலில் தெரிவிப்பவள் நான்தான், பங்குக் குருவோ தங்கை மகனோ அல்ல. எனக்கு முடியுமா என்று உனக்குத் தெரிய வேண்டுமானால் என்னிடம் கேள். மூடி மறைக்காமல் பதில் சொல்வேன், சுவரைப் பற்றிச் சொல்லவில்லையா?

சுவர் காய்ந்துவிட்டது. காய்ந்ததா என்று பார்க்க ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு அதன்மேல் ஒட்டிவைத்தேன், மறுநாள் உள்பக்கம் ஒரு முத்துகூடப் பனிக்கவில்லை. டெக்லன் பூச்சு வைத்தான், அதுவும் காய்ந்தபின் பிரைமர், பிறகு பெயின்ட், எல்லாம் முடிந்த பிறகுதான் சிலிக்கான், அதுதான் சரியான வரிசை, உன் அப்பா தலைகீழாகச் செய்ததும் அதைத்தான். அலமாரியும் சுவரும் சேரும் உலர்ந்த இடங்களுக்குப் பெயின்ட் ஏறும் வகையை வைத்தோம், தண்ணீர் படும் இடத்துக்கு மட்டும் சிலிக்கான். அந்தக் கோட்டை மட்டும் நானே இழுத்தேன், டெக்லனைத் தொடவிடவில்லை. என் கை இப்போது நடுங்குகிறது ஃபெர்கஸ், இதையும் நீ வேறு யார் வாயிலிருந்தும் கேட்க வேண்டாம். ஆனால் கோட்டுக்கு மேலே ஒரு டேப், கீழே ஒரு டேப் ஒட்டிக்கொண்டால் நடுக்கமெல்லாம் டேப்பின்மேல் போய்விடுகிறது. ஈர விரலால் ஒரே இழுப்பாக நீவி, ஆடை படருமுன் டேப்பை உரித்தேன். கோடு நேராக நின்றது. பிரைடி வந்து விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் போனாள், அவளிடமிருந்து அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது.

மாதா உங்கள் எல்லாரையும் தன் மேலாடைக்குள் வைத்துக் காக்கட்டும். கிர்ஸ்டனுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு நெற்றியில் ஆளுக்கொரு சிலுவை போட்டுவிடு, எனக்காக. ஒன்றை மறந்துவிடாதே, உங்கள் குளியலறைத் தொட்டியின் ஓரம் கறுத்திருந்ததைப் போன கிறிஸ்துமஸ் படத்தில் பார்த்தேன், அதன்மேல் எதையும் பூசாதே, கழற்று. வரும் கோடையில் பிள்ளைகளோடு வந்தால் என் வீட்டில், உன் அறையில் தங்கலாம். அடுத்த பூசைக்குள் ஜன்னல் சட்டங்களையும் சுரண்ட வேண்டும், உனக்கென்று ஒரு தகடு எடுத்து வைத்திருக்கிறேன். சிலிக்கான் குழாயின் முதுகில் பத்து வருடம் தாங்கும் என்று போட்டிருக்கிறது. அது உண்மையா என்று இருந்து பார்க்கப்போகிறேன்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா
ஃபிடெல்மா ஹெனெகன்
(அதே முகவரி)